இருவர் மாலைக்கு ஓர் ஆட்சேபணை

ஜூலை 6

அன்புள்ள ரேடியோ,

இந்தப் பருவத்தின் நிகழ்ச்சி அட்டை இதனுடன் இருக்கிறது. எல்லா முன்னாள் மாணவர்களுக்கும் போகிற அதே அட்டைதான். உனக்கு மட்டும் கடிதமும் சேர்த்து வைக்கிறேன். நாத்தனார் சலுகை.

நீ அட்டையைப் படிக்க மாட்டாய். அதனால் சுருக்கம்: ஆகஸ்டில் நூலகப் புல்வெளியில் பழைய புத்தகப் பரிமாற்றம். செப்டம்பரில் முன்னாள் மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் கைப்பந்து. சென்ற முறை உன் வகுப்பு வங்கி மேலாளர் கணுக்காலை உடைத்துக்கொண்டார். இம்முறை ஆம்புலன்ஸ் உண்டு. அக்டோபரில் புகைப்படக் கண்காட்சி. நவம்பர் கடைசி சனிக்கிழமை, இருவர் மாலை.

இருவர் மாலையின் விதி உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு முன்னாள் மாணவர், ஓர் இந்நாள் மாணவர். அழைக்கும் உரிமை இந்நாள் மாணவருக்கு மட்டும். முன்னாள்கள் கேட்கக் கூடாது. அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வாலுவுக்கு இது கடைசி ஆண்டு. பெயர் கொடுத்துவிட்டாள். நீயும் நானும் விடுதி ஆண்டுவிழாவில் போட்ட ‘குடை’ நாடகத்தை எடுத்திருக்கிறாள். தொலைந்த பொருள் அலுவலகத்துக்குக் குடையைத் தேடி வருகிற பெண்ணாக அவள். மேசைக்குப் பின்னால் எழுத்தராக நான்.

உன் மகள் உன்னிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். நேற்று கேட்டேன். “நீங்களே எழுதிடுங்க அத்தை. நான் போன்ல சொன்னா அம்மா பேசி முடிக்க ராத்திரி ஆயிடும்” என்றாள். எழுதிவிட்டேன்.

உன் அண்ணன் நலம். செடிகளோடு பேசுகிறார். மிச்சம் இருந்தால் என்னோடும்.

தந்தி


ஜூலை 14

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்தால் எனக்கு என்ன கோபம் என்று உனக்குத் தெரியும். நீ என் அறைத் தோழியாக இருந்து, பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு என் அண்ணியாகவும் ஆகி எத்தனை வருஷம் ஆயிற்று, நான் உன்னை அண்ணி என்று கூப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்கள் எல்லாம் சண்டைக்காக மடங்கியவை.

போன் செய்யாமல் எழுதுவது ஏன் தெரியுமா? போனில் நான் கொட்டித் தீர்த்த பிறகு நீ “ம்” என்று ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். நான் தோற்றவளைப் போல ரிசீவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காகிதத்தில் உன் ‘ம்’ செல்லாது.

உன் கடிதம் வந்தபோது என் கை ஒரு பெரியவரின் வாய்க்குள் இருந்தது. நர்ஸைப் படிக்கச் சொன்னேன். அவள் ‘மேசைக்குப் பின்னால் எழுத்தராக நான்’ என்ற இடத்துக்கு வந்ததும் நான் அழுத்திய அழுத்தில் அவர் கால் இரண்டும் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டன. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கப் போவதில்லை.

குடை தேடி வருகிற பெண் யார்? நான். அவள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் என் வாயில் பிறந்தது. கைப்பிடி வாத்து மூக்கு மாதிரி இருக்கும் என்பதும், மூன்றாவது கம்பி வளைந்ததற்கு அவள் மாமியார்தான் காரணம் என்பதும், அந்த மாமியாரின் பூனைக் கதையும் யாருடையது? நீ எழுதியது மொத்தம் மூன்று சொல். “நிறம்?” “அளவு?” “அப்புறம்?” அதற்குத்தான் அன்று அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ரேடியோ என்றும் உனக்குத் தந்தி என்றும் அன்று இரவே பெயர் வந்தது. அது நம் இரண்டு பேருடைய நாடகம். என் இடத்தில் வேறு யாரோ நின்று உன்னோடு பேசுவதை நான் எப்படிப் பொறுப்பேன்? அந்த வேறு யாரோ என் மகளாகவே இருந்தால்கூட? என் மகள் என்பதால்தான் இன்னும் எரிகிறது. ஒரே மேடையில் என் தோழியையும் என் மகளையும் என் பாத்திரத்தையும் ஏற்றிவிட்டு, எனக்கு அட்டையை அனுப்பியிருக்கிறாய்.

உன் கல்யாணத்தன்றும் இப்படித்தான் இருந்தது. நான் பெண் வீட்டுக்கும் சொந்தம், மாப்பிள்ளை வீட்டுக்கும் சொந்தம் என்று எல்லாரும் என்னைக் கொண்டாடினார்கள். சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் ஒரே காரில் ஏறிப் போனீர்கள். நான் பந்தலில் நின்றேன். யாரைப் பார்த்து அழுவது என்றுகூடத் தெரியவில்லை, அழ வேண்டிய இரண்டு பேரும் ஒன்றாகப் போய்விட்டதால்.

சின்னச் சின்னதாகவும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வாலு இப்போதெல்லாம் போனில் “ம்” என்கிறாள். அது என் வீட்டுச் சத்தம் இல்லை. சென்ற விடுமுறையில் துண்டை மூன்றாக மடித்தாள். நம் வீட்டில் யாரும் துண்டை மடிப்பதே இல்லை. “அத்தை வீட்ல இப்படித்தான்” என்றாள். அந்தத் துண்டை அவள் போன பிறகு உதறிப் போட்டேன்.

மூன்று வருஷமாக இந்த அழைப்புக்காகக் காத்திருக்கிறேன். கிளினிக் கண்ணாடி முன்னால் பூனைக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்று செய். உனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்றோ மூட்டு வலி என்றோ சொல்லி விலகிக்கொள். பிறகு அவள் என்னைத்தான் கேட்பாள். வேறு யாரைக் கேட்பாள்?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூலை 22

ரேடியோ,

விலக மாட்டேன். எனக்குத் தொண்டை கட்டவில்லை. மூட்டும் நன்றாக இருக்கிறது.

முதலில் நானும் உன்னைத்தான் சொன்னேன். “அம்மாவைக் கூப்பிடு. அது அவ நாடகம்” என்றேன். வாலு காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: “அம்மா வர்றேன்னுதான் சொல்லுவாங்க அத்தை. அப்புறம் அன்னிக்கு யாருக்காவது பல் வலிக்கும்.”

அவள் முதலாண்டு வரவேற்பு நாளுக்கு நீ வரவில்லை. இரண்டாம் ஆண்டு சேர்ந்திசைக்கு வரவில்லை. சென்ற ஆண்டு அவள் பரிசு வாங்கியபோதும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் முன் வரிசை நாற்காலியில் உன் பெயர்ச் சீட்டை நான்தான் ஒட்டினேன். நிகழ்ச்சி தொடங்குமுன் நானே கிழித்தேன். அதை அவள் மேடையிலிருந்து பார்த்திருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

என்னைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது? நான் பெற்ற மகன் மாதம் ஒருமுறை கட்டைவிரல் படம் அனுப்புகிறான். நான் எழுதுகிற எல்லாவற்றுக்கும் அதே கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை உன் மகள் விடுதியிலிருந்து என் வீட்டுக்கு வந்து, துணி துவைத்து, சாப்பிட்டு, சோபாவில் தூங்கிவிட்டுப் போகிறாள். அதை விட்டுக்கொடு என்கிறாயா?

ஒத்திகை தொடங்கிவிட்டது.

தந்தி


ஆகஸ்ட் 5

பெறுநர்:
செயலாளர்,
முன்னாள் மாணவர் அலுவலகம்.

பொருள்: இருவர் மாலை – ‘குடை’ நாடகம் – ஆட்சேபணை தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

நான் தங்கள் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவி. மேற்படி நிகழ்ச்சியில் இடம்பெறுவதாக அறிவிக்கப்பட்டுள்ள ‘குடை’ என்னும் நாடகம், என்னாலும் தங்கள் அலுவலகத்தில் தற்போது பணியாற்றும் ஒருவராலும் இணைந்து எழுதப்பட்டதாகும். அதில் பெரும்பகுதி என்னுடையது என்பதற்கு அன்றைய விடுதி மாணவிகள் பலர் சாட்சி.

மேற்படி நாடகத்தை அரங்கேற்ற என்னிடம் எவ்வித ஒப்புதலும் பெறப்படவில்லை. ஆகவே தங்கள் நிகழ்ச்சி விதிகளின்படி, எழுதியவரின் ஒப்புதல் இல்லாத மேற்படி நிகழ்ச்சியை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், மேற்படி எழுத்தர் பாத்திரத்தை ஏற்றுள்ளவர் மேற்படி மாணவிக்கு வாரந்தோறும் வீட்டுச் சாப்பாடு போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருப்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பல் மருத்துவர்


ஆகஸ்ட் 16

அம்மையீர்,

பார்வையில் கண்ட தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. விதிகளின்படி ‘குடை’ நாடகம் நிறுத்தி வைக்கப்படுகிறது. எழுதியவர்கள் இருவரும் எழுத்துமூலம் ஒப்புதல் அளிக்கும் பட்சத்தில் மறுபரிசீலனை செய்யப்படும். தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி இவ்வலுவலகத்தின் அதிகார வரம்புக்குள் வரவில்லை.

செயலாளர்

இதற்குக் கீழே கையால் எழுதுவது நான்.

செயலாளர் யார் என்று உனக்குத் தெரியாதா? தபாலைப் பிரிக்கிறவர் உன் கடிதத்தைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டுப் பதிவாளருக்கு அனுப்பினார். பதிவாளர் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று எழுதிக் கீழே தள்ளினார். ஆளுக்கு ஒரு முத்திரையோடு என் மேசைக்கே வந்தது. வழியில் எல்லாரும் கடைசிப் பத்தியைப் படித்திருக்கிறார்கள். கண்காணிப்பாளர் இப்போது என்னைப் பார்த்தால் “இன்னிக்கு வீட்ல என்ன சமையல் மேடம்?” என்கிறார்.

ஆட்சேபணை வந்தால் நிறுத்த வேண்டும் என்ற அந்த விதியை எழுதியதும் நான்தான். இரண்டு முன்னாள் பாடகர்கள் ஒரு மெட்டுக்காகக் கைகலந்த ஆண்டில். என் சொந்தக்காரிக்காக அதை மீற முடியாது. எனக்காகவும் முடியாது.

வாலு அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். நான் சொல்வதற்குள் யாரோ ஒட்டிவிட்டார்கள். அலுவலகத்துக்கு வந்தாள். ஆட்சேபித்தது யார் என்று கேட்டாள். கடிதத்தைக் காட்டினேன். நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

“அம்மாவுக்குக் கடிதம் எழுத நேரம் இருக்கு போல. எனக்கு ஒண்ணுகூட வந்ததில்ல அத்தை.”

அவ்வளவுதான் சொன்னாள். ஒத்திகைக்கு வாங்கிய குடையை என் அலமாரிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இந்த ஞாயிறு சாப்பிட வரவில்லை. இப்போது இரண்டு வீட்டிலும் இல்லை.

தந்தி


செப்டம்பர் 2

தந்தி,

போன் எடுக்க மாட்டேன் என்கிறாள். மணி அடித்து அடித்து நிற்கிறது. “அப்புறம் பேசறேன்” என்று ஒரு செய்தி வந்தது. அந்த ‘அப்புறம்’ எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். நான் அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்குத் தணிக்கை செய்கிற மனுஷன், பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டார். “மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தானே பல்லைப் பிடுங்குவ? இவளுக்கு அதுகூடப் போடலியே” என்றார். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. மறுநாளும் யோசித்தேன். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் பேசவில்லை.

ஒப்புதல் கடிதம் இதனுடன் இருக்கிறது. பொருள், பார்வை எல்லாம் போட்டு முறையாகவே எழுதியிருக்கிறேன். உன் கண்காணிப்பாளர் படித்து மகிழட்டும்.

நான் பெரிய மனசு பண்ணி இதைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பொறாமை அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் ஒத்திகை பார்க்கிற அறை எது என்று யோசிக்கிறேன். பழைய வேதியியல் கூடமா? ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்ததே, மாற்றிவிட்டார்களா? அவள் வசனம் மறந்தால் நீ எடுத்துக் கொடுக்கிறாயா, அல்லது உன் வழக்கப்படி பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாயா? நான் மறந்தபோது நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பூனைக் கதையே எனக்கு வாயில் வந்தது. இப்போது அந்தப் பார்வையை அவள் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதற்கெல்லாமா ஒருத்தி பொறாமைப்படுவாள்? படுகிறேன்.

பெரியவள் ஆன பிறகு இப்படி எரிவது ஒரு தனி வெட்கம். இளவயதில் பொறாமை வந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்து தீர்த்துக்கொள்ளலாம். இப்போது வேலைக்குப் போகிறேன், மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரி மகள் நிச்சயத்துக்குச் சிரித்துக்கொண்டு போய் வருகிறேன். உள்ளே அது அடுப்பில் மறந்துவிட்ட பாத்திரம் மாதிரி காய்ந்துகொண்டே இருக்கிறது.

நவம்பரில் வருகிறேன். நம்ப வேண்டாம். நாற்காலியில் சீட்டு ஒட்ட வேண்டாம். அவளிடமும் சொல்ல வேண்டாம்.

ரேடியோ


நவம்பர் 10

ரேடியோ,

ஒப்புதல் ஏற்கப்பட்டது. வாலு குடையை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் இருவர் மாலையின் அட்டை அதற்குள் அச்சாகிவிட்டது. அதில் நம் நாடகம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அறிவிப்பார்கள். பாதிக் கூட்டம் எழுந்து போகிற நேரம். வாலு பரவாயில்லை என்றாள்.

ஒத்திகை பழைய வேதியியல் கூடத்தில்தான். கண்ணாடி மாற்றவில்லை.

நீ கேட்ட மற்றதற்குப் பதில்: அவள் வசனம் மறப்பதே இல்லை. உன்னைவிட நன்றாகச் செய்கிறாள். ஏனென்றால் அவள் குடை தேடி வருகிற பெண்ணாக நடிக்கவில்லை. உன்னைப் போல் நடிக்கிறாள். நீ பேசும்போது தோளில் பையை ஏற்றி ஏற்றி விடுவாயே, அது. கதை நடுவில் மூச்சு வாங்க நின்று, யாரும் குறுக்கே வரக் கூடாது என்று விரலைத் தூக்கிக் காட்டுவாயே, அது. மேசையில் முழங்கையை ஊன்றி, எழுத்தரின் காகிதத்தை எட்டிப் பார்ப்பது. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போன பிறகு வரவில்லை.

எழுதிவிடுகிறேன். எனக்கும் பொறாமைதான். ஒருத்தியை இப்படிச் செய்து காட்ட வேண்டும் என்றால் எத்தனை வருடம் அவளை உற்றுப் பார்த்திருக்க வேண்டும்? நான் அவளுக்கு மூன்றாண்டுகளாகச் சாப்பாடு போடுகிறேன். என்னைச் செய்து காட்டு என்றால் “ம்” என்று ஒன்று சொல்கிறாள். அதோடு தீர்ந்துவிடுகிறேன். சாப்பிடும்போதும் பேச்செல்லாம் ‘அம்மா இப்படிச் சொல்வாங்க’, ‘அம்மா இதைப் பார்த்தா சிரிப்பாங்க’தான். நீ வராத ஒவ்வொரு ஞாயிறும் நீதான் பேசிக்கொண்டிருக்கிறாய் என் வீட்டில்.

ஒரு சேதி. முடிவை மாற்றியிருக்கிறாள். நம் நாடகத்தில் அந்தப் பெண் குடையை வாங்கிக்கொண்டு கைப்பையை மேசைமேல் மறந்துவிட்டுப் போவாள். இப்போது கைப்பை இல்லை. என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

வந்தால் வா.

தந்தி


டிசம்பர் 1

தந்தி,

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுவது வண்டியால். பாதிதான்.

சனிக்கிழமை காலையில் ஒருவர் தாடை வீங்கி வந்து கதவைத் தட்டினார். அவரை எதிர்ச்சாரி டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு ரயில் ஏறினேன். எதிர்ச்சாரி டாக்டர் என் முகத்தையே பார்த்தார். எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்திருப்பார்.

அரங்கத்தில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று நீ தேடியது தெரிந்தது. தூணுக்குப் பக்கத்தில், கல்லூரிப் பையன்கள் நடுவில். கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்ததும் முன் வரிசையில் ஆட்கள் எழுந்தார்கள். எனக்கு அவர்களைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது. பிறகு அவள் உள்ளே வந்தாள். தோளில் பையை ஒரு ஏற்று ஏற்றினாள். எழுந்தவர்கள் நின்றபடியே பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்திலிருந்த பையன் “யாருடா இந்த அம்மா, எங்க சித்தி மாதிரியே இருக்கு” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வாத்து மூக்குக் கைப்பிடிக்குச் சிரித்தேன், மாமியாருக்குச் சிரித்தேன். நான் எழுதிய வசனத்தை நானே முதல் முறையாகக் கேட்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மேடையில் நின்றவளுக்கு அரங்கம்தான் கேட்கும், வசனம் கேட்காது.

தன் இடுப்புக்குக் கீழே, திரும்பிப் பார்க்காமலே அவள் கையைக் காட்டி, “இரு, ரெண்டு நிமிஷம்” என்று சொன்னதை முதலில் நான் கவனிக்கவில்லை. இரண்டாவது முறை சொன்னபோது அரங்கம் சிரித்தது. அங்கே ஒரு குழந்தை நிற்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. நம் நாடகத்தில் குழந்தை ஏது என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பூனைக் கதையின் நடுவில் மறுபடி அந்தக் கை வந்தது. உள்ளங்கையைப் பின்னால் திருப்பி, இரண்டு விரலைத் தூக்கி. தந்தி, அது கையுறை போட்டவளின் கை. ஒன்றையும் தொடக் கூடாத கை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கிளினிக் வாசற்படியில் பையோடு நிற்பவளுக்கு, திரும்பாமலே நான் காட்டுவது. அப்போது புரிந்தது.

பக்கத்துப் பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு நீ குடையை எடுத்துக் கொடுத்தாய். அவள் வாங்கி, விரித்துப் பார்த்து, மூன்றாவது கம்பி இப்போது நேராக இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டே வெளியே போனாள். குழந்தையை மறந்துவிட்டு. அரங்கம் அதிர்ந்தது. நீ மேசைக்கு வெளியே எட்டிக் கீழே பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். சிரிப்பு அடங்கியது. நீ எழுந்து மேசையைச் சுற்றி வந்து குனிந்து, கையை நீட்டினாய்.

எல்லாரும் அதைப் பார்த்து உருகினார்கள். எனக்கு என்ன வந்தது தெரியுமா? அழுகை வந்தது என்றால் நன்றாக இருக்கும். வெட்கம் வந்தது என்றால் இன்னும் நன்றாக இருக்கும். அவை பிறகு வந்தன. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். இல்லாத குழந்தையைக்கூட இவளிடம் விடமாட்டேன் என்று தோன்றியது. அவ்வளவுதான். எழுந்தது, பையன்களின் முழங்காலை இடித்துக்கொண்டு போனது, மேடைப் படியில் தடுக்கியது எதுவும் என் யோசனை இல்லை.

உன் கைக்கு முன்னால் வந்து நின்றேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, “வா கண்ணு, அம்மா மறந்துட்டேன், போலாம்” என்றேன். அந்தச் சின்னக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு அவள் போன பக்கமே போனேன். அரங்கம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.

திரைக்குப் பின்னால் வாலு குடையோடு நின்றாள். நான் இன்னும் வெறும் கையை இடுப்பு உயரத்தில் பிடித்தபடி நின்றேன். விடத் தெரியவில்லை. கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

“இது என் நாடகம்மா” என்றாள். “நாலு மாசம் யோசிச்சு வச்ச முடிவு. உன்னால ஒரு தடவைகூட உட்கார்ந்து பாக்க முடியாதா?”

“முடியல” என்றேன்.

என் கையைப் பார்த்தாள். “அதை எங்க கூட்டிட்டுப் போறதா உத்தேசம்?” என்றாள். “என்னைக்கு ரயில்னு கேட்க மாட்டேன். நீயே சொல்லு” என்றாள். “திங்கக்கிழமை” என்றேன். டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்தது. மாற்றிவிட்டேன்.

உன்னைப் பார்க்காமல் கிளம்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஞாயிறு முழுக்க அவள் என்னோடு இருந்தாள். அவள் பேசினாள். நான் கேட்டேன். கஷ்டமான வேலை. நீ எப்படி இத்தனை வருஷம் செய்கிறாய்?

ரேடியோ


டிசம்பர் 9

ரேடியோ,

நீ போன பிறகு அரங்கம் என்ன செய்தது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். கை தட்டியது. எழுந்து நின்று தட்டியது. பதிவாளர் மேடைக்கு வந்து, மூன்றாவது பாத்திரம் அருமையான யோசனை, யார் யோசித்தது என்று கேட்டார். வாலு என்றேன். ஒரு முன்னாள் மாணவர் மட்டும், இருவர் மாலையில் மூவர் ஏறியது விதிமீறல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் சொல்வது சரி. அதற்கும் நான்தான் பதில் எழுத வேண்டும்.

நான் இதைப் பற்றி எழுதக் கூடாது என்று ஒரு வாரம் இருந்தேன்.

முடிவு என்ன என்று எனக்கு முதல் ஒத்திகையிலேயே தெரியும். அவள் சொன்னபோது, “அம்மா பாத்தா வருத்தப்படுவா” என்றேன். “வந்தாத்தானே அத்தை” என்றாள். நீ வருவதாக எழுதிய பிறகும் உனக்கு நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்ற அவள் உத்தரவு மட்டும் காரணமில்லை. நீ உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீயும் அந்தப் பெரியவரிடம் மட்டும்தான் கேட்டாய்.

ஆனால் நீ எழுந்து வருவாய் என்று நான் நினைக்கவில்லை.

அந்தக் கையை நீட்டுவதற்குப் பல வாரம் பழகினேன். முதலில் சீக்கிரம் நீட்டிவிட்டேன். “யோசிங்க அத்தை. உங்க பிள்ளை இல்லையே அது. கூட்டிட்டுப் போகலாமா கூடாதான்னு யோசிங்க” என்றாள் வாலு. அதனால் யோசிக்கப் பழகினேன். வீட்டில் கண்ணாடி முன்னால் அல்ல, சமையலறையில், யாரும் இல்லாதபோது குனிந்து குனிந்து நீட்டிப் பார்த்தேன். ஒருநாள் உன் அண்ணன் வந்து என்ன தொலைத்தாய் என்று கேட்டார். அன்று மேடையில் கொஞ்சமும் நடிக்காமல் நீட்டினேன். ஒரு கை வந்து அதில் விழப்போகிறது என்று உண்மையாகவே எனக்கு இருந்தது. நீ ஒத்திகையே இல்லாமல் வந்து, ஒரே வார்த்தையில் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். நீ சொன்ன அந்த ‘கண்ணு’ நான் சொல்ல முடியாத வார்த்தை. நான் சொன்னால் அது வசனம்.

திரை இழுப்பவர் கயிற்றை விட்டுவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தார். அதனால் நான் அப்படியே குனிந்து நிற்க வேண்டியிருந்தது. கூட்டம் எனக்கும் சேர்த்துத்தான் தட்டியிருக்கும்.

மறுநாள் ஞாயிறு. மூன்று பேருக்குச் சமைத்திருந்தேன். அவள் உன்னோடு இருப்பாள் என்று தெரியும், இருந்தாலும். உன் அண்ணன் இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

இன்று மாலை வாலு வந்தாள். அலமாரிமேல் குடையை வைத்தாள். துணியை ஊறப்போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே உன் எதிர்ச்சாரி டாக்டர் கதையைச் சொன்னாள், உன்னைப் போலவே செய்து காட்டி. நான் சிரித்தேன். தட்டைக் கழுவ எழுந்தவள் நின்று என்னைப் பார்த்தாள்.

“கோபமா அத்தை?”

“இல்ல.”

“நிஜமா?”

“ம்.”

அவள் நம்பிவிட்டாள். சோபாவில் படுத்துத் தூங்கிவிட்டாள். போர்வையைப் போர்த்திவிட்டு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆமாம், கோபம்தான்.

தந்தி